சுங்கை சிப்புட்டிலிருந்து விண்வெளி நிலையம் வரை: விண்வெளி வீரர் எப்படி உருவாகிறார், மேலே எப்படி வாழ்கிறார்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் வகுப்பு எடுக்கிறேன். விண்வெளிப் பாடம் வந்துவிட்டால் பிள்ளைகள் கேட்பது ஒன்று, அவர்களை அழைத்துப்போக வரும் பெற்றோர் கேட்பது வேறொன்று. மேலே எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படித் தூங்குகிறார்கள், கழிவறைக்கு என்ன செய்கிறார்கள் என்று பிள்ளைகள் துளைத்தெடுப்பார்கள். பெற்றோரின் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு ஆகிற காரியமா, டீச்சர்?"

ஆகிற காரியம்தான். மலேசியா தன் முதல் விண்வெளி வீரரைத் தேடியபோது 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் நின்ற நால்வரில் ஒருவர் நம் சமூகத்தைச் சேர்ந்த பொறியாளர், வனஜா சிவசுப்பிரமணியம். 2007 அக்டோபர் 10 அன்று ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் புறப்பட்டவர் எலும்பு மருத்துவர் ஷேக் முஸாபர் ஷுக்கோர். ஆனால் அந்த நால்வர் வரிசை வரை நம் பெண் ஒருவர் போயிருக்கிறார் என்பதை வகுப்பில் சொல்லும்போது பாதிப் பேருக்கு அது புதுச் செய்தியாக இருக்கிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

விண்வெளி வீரரிடம் சோதிப்பது படிப்பை மட்டுமன்று. நீந்தத் தெரிகிறதா, கை வேலை சுத்தமாக இருக்கிறதா, நெருக்கடியில் நிதானம் இருக்கிறதா, நான்கு பேரோடு ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் இருக்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். இவற்றில் பலவற்றைத் தோட்டத்திலிருந்தே தொடங்கலாம். படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: தகுதி

கசப்பான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நாசாவுக்கு விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஐரோப்பிய விண்வெளி முகமை தன் உறுப்பு நாட்டவரைத்தான் எடுக்கிறது. மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரும் இந்திய விமானப்படையின் சோதனை விமானிகள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இந்த மூன்று வாசலும் மலேசியப் பிள்ளைக்கு நேராகத் திறப்பதில்லை. ஷேக் முஸாபருக்குக் கிடைத்த இருக்கைகூட, மலேசியா ரஷ்யாவிடம் 18 சுகோய் போர் விமானங்கள் வாங்கிய ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்ததுதான். அடுத்த வாய்ப்பும் அப்படியோர் ஒப்பந்தத்தின் வழியாக வரலாம், அல்லது தனியார் பயணமாக வரலாம். 2025 ஜூனில் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குப் போனது ஆக்ஸியம் என்ற தனியார் நிறுவனத்தின் பயணத்தில்தான். அறிவிப்பு வந்த பிறகு தகுதியைத் தேட நேரம் இருக்காது.

நாசா கேட்கும் தகுதியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: அறிவியல், பொறியியல், கணிதம், மருத்துவம் போன்ற துறையில் பட்டமேற்படிப்பு அல்லது அதற்கு இணையான தகுதி, அதோடு 3 ஆண்டு வேலை அனுபவம், விமானியாக இருந்தால் 1,000 மணி நேரம் விமானத்தைத் தலைமையேற்று ஓட்டியிருக்க வேண்டும். எனவே இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கில் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் "கஷ்டம்" என்று கைவிடாதீர்கள். அதற்குப் பிறகு எந்தத் துறை என்பது பிள்ளையின் விருப்பம். ஷேக் முஸாபர் மருத்துவர், அவருக்கு மாற்றாகப் பயிற்சி பெற்ற ஃபாயிஸ் காலிட் பல் மருத்துவர், வனஜா பொறியாளர். பிடிக்காத படிப்பை விண்வெளிக்காகப் படித்துக் கரைசேர்ந்தவரை நான் கேள்விப்பட்டதில்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஷேக் முஸாபரோடு அதே சோயுஸில் போனவர் பெக்கி விட்சன். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில், பண்ணையில் வளர்ந்த பெண். உயிர்வேதியியல் படித்தார். நாசாவுக்குப் பத்தாண்டுக்காலம் விண்ணப்பித்துப் பலமுறை நிராகரிக்கப்பட்டு, 1996இல் தேர்வானார். 2007இல் மேலே போனதும் நிலையத்தின் முதல் பெண் தளபதி ஆனார். 2025இல் சுக்லா போன பயணத்துக்கும் அவர்தான் தலைவர். மலேசியரையும் இந்தியரையும் அழைத்துப்போன கலங்களில் அந்தப் பண்ணைப் பெண் இருந்தார். "தோட்டத்தில் பிறந்துவிட்டு" என்று பேச்சைத் தொடங்கும் பெற்றோரிடம் நான் சொல்லும் பதில் இதுதான்.

இரண்டாம் படி: நீச்சல்

விண்வெளிக்கும் நீச்சலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்காத பிள்ளை இல்லை. விண்நடைக்கு, அதாவது கலத்துக்கு வெளியே போய் வேலை செய்வதற்கு, பயிற்சி தண்ணீருக்குள் நடக்கிறது, கலம் கடலில் இறங்கக்கூடும். அதனால் நாசாவின் பயிற்சி வீரர்கள் தொடக்கத்திலேயே நீச்சல் தேர்வு எழுதுகிறார்கள், அதாவது நீந்திக் காட்டுகிறார்கள். 25 மீட்டர் குளத்தில் நிற்காமல் மூன்று முறை நீந்த வேண்டும். பிறகு விமானி உடையும் காலணியும் அணிந்து அதையே மறுபடி செய்ய வேண்டும். அதன்பின் 10 நிமிடம் தண்ணீரில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும்.

75 மீட்டரை வேகமில்லாமல், மூச்சு வாங்காமல் நீந்தும் அளவுக்குப் பழகினால் போதும். ஆனால் பயிற்றுநர் இருக்கும் நீச்சல் குளத்தில் மட்டுமே பழகுங்கள். பேராக்கில் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் ஏராளம். விளிம்பில் ஆழமில்லாததுபோல் தெரிந்து, இரண்டு அடி தள்ளினால் தரையே இருக்காது. அங்கும் ஆற்றிலும் பிள்ளைகளைப் பழக விடாதீர்கள்.

மூன்றாம் படி: நெஞ்சின் மேல் ஏறும் எடை

புறப்படும்போதும் திரும்பும்போதும் உடலின் எடை பல மடங்காகிறது. அதற்குப் பழக்க, நீண்ட கையின் நுனியில் ஒரு கூண்டைக் கட்டி வேகமாகச் சுழற்றும் எந்திரம் மாஸ்கோவுக்கு அருகில் உள்ள விண்வெளி நகரத்தில் இருக்கிறது. சாதாரணமாக சோயுஸ் தரையிறங்கும்போது 4 அல்லது 5 மடங்கு எடை அழுத்தும். ஷேக் முஸாபர் 2007 அக்டோபர் 21 அன்று திரும்பியபோது கலம் வழக்கமான பாதையை விட்டுச் செங்குத்தான பாதையில் இறங்கிவிட்டது. அப்போது 8 மடங்குக்கும் மேல் அழுத்தியது, குறித்த இடத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் முன்னதாகவே இறங்கினார்கள். அறுபது கிலோ மனிதர் அரை டன் எடையைத் தாங்கிப் படுத்திருப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மல்லாந்து படுத்திருப்பதால்தான் அது தாங்கும்; நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் இரத்தம் தலையை விட்டு இறங்கி மயக்கம் வந்துவிடும். இந்தப் படிக்கு வீட்டில் பயிற்சி எதுவும் வேண்டாம். ஓட்டமும் நல்ல உறக்கமும் போதும்.

நான்காம் படி: எடையின்மையைப் புரிந்துகொள்வது

மேலே ஈர்ப்பு விசை இல்லை என்று பலர் எழுதுகிறார்கள், பாடம் நடத்துகிறார்கள். தவறு. நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 விழுக்காடு இருக்கிறது. நிலையம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே விழுகிறது. விழும் பாதை வளைவதும் பூமி வளைவதும் ஒத்துப்போவதால் தரையைத் தொடுவதே இல்லை. கூடவே விழும் மனிதருக்கு எடை தெரிவதில்லை.

இதைக் கண்ணால் காட்ட ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் புட்டி போதும். அடிப்பக்கத்தில் ஆணியால் ஒரு துளை போடுங்கள். விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வையுங்கள். விரலை எடுத்தால் தண்ணீர் பீய்ச்சும். இப்போது பள்ளியின் மாடிப் படியில் நின்று, கீழே யாரும் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, புட்டியைச் சுழற்றாமல் நேராக விட்டுவிடுங்கள். விழும் நேரம் முழுவதும் துளையிலிருந்து ஒரு சொட்டும் வராது. தண்ணீரும் புட்டியும் ஒரே வேகத்தில் விழுவதால் ஒன்றை ஒன்று அழுத்துவதில்லை. கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடித்தால் தெளிவாகத் தெரியும். பத்துப் பக்கம் எழுதிப் புரியாதது இதில் புரிகிறது.

வீரர்களுக்கு இந்த உணர்வைக் கொடுக்க, விமானத்தை மேலே ஏற்றி வளைத்து இறக்குகிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஏறக்குறைய 20 முதல் 25 நொடி மிதக்கலாம். வயிறு புரட்டும். மேலே போன முதல் சில நாட்களிலும் பாதிக்கு மேற்பட்ட வீரர்களுக்கு அதே குமட்டல் வருகிறது.

ஐந்தாம் படி: தண்ணீர்த் தொட்டியும் கையுறையும்

பயிற்சியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம் கொண்ட ஒரு தொட்டி இருக்கிறது. இரண்டு கோடியே முப்பது லட்சம் லிட்டருக்கும் மேல் தண்ணீர். அதன் அடியில் நிலையத்தின் பகுதிகளை உண்மை அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். விண்வெளி உடை அணிந்த வீரரைப் பாரந்தூக்கி கொண்டு இறக்கி, மிதக்கவும் மூழ்கவும் செய்யாதபடி எடைக்கட்டிகளால் சமன் செய்கிறார்கள். பிறகு ஆறு மணி நேரம் வரை உள்ளே வேலை. மேலே ஒரு மணி நேர விண்நடைக்கு இங்கே சுமார் 7 மணி நேரம் பழகுவார்கள்.

வேலை என்றால் என்ன? போல்ட் கழற்றுவது, மின்வடம் மாட்டுவது, பழுதான பெட்டியை எடுத்துப் புதியதைப் பொருத்துவது. ஆனால் உடைக்குள் காற்று அடைத்திருப்பதால் கையுறை விறைப்பாக நிற்கும். ஒவ்வொரு முறை விரலை மடக்கும்போதும் அந்த அழுத்தத்தோடு போராட வேண்டும். சில வீரர்களுக்கு நகமே பெயர்ந்துபோகிறது. கைநழுவிய பொருள் கீழே விழாது, விலகிப் போய்விடும். 2008 நவம்பரில் ஓர் அமெரிக்க வீராங்கனை சிந்திய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு கருவிப் பையே கைவிட்டுப் போயிற்று. அதனால் ஒவ்வொரு கருவியையும் கயிற்றால் கட்டித்தான் கையில் எடுப்பார்கள்.

வகுப்பில் நாங்கள் செய்வதை அப்படியே சொல்கிறேன். ஒரு பெரிய வாளியில் தண்ணீர் நிரப்புங்கள். பழைய மரப்பலகையில் நான்கு போல்ட்டுகளை நட்டோடு பொருத்தி உள்ளே அமிழ்த்துங்கள். பிள்ளைக்குத் தோட்ட வேலைக்கான தடித்த கையுறை இரண்டு ஜோடி, ஒன்றின் மேல் ஒன்றாக. ஸ்பேனரை நூலால் மணிக்கட்டில் கட்டுங்கள். இன்னொரு பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்து, எழுதி வைத்த வரிசையை மட்டும் படித்துச் சொல்ல வேண்டும். வாளியைப் பார்க்கக் கூடாது. கேட்ட பிள்ளை செய்வதற்கு முன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நட்டு வாளியின் அடியில் விழுந்தால் அது விண்வெளியில் தொலைந்த நட்டு, எடுக்க அனுமதி இல்லை. முதல் தடவை சத்தமும் கோபமும்தான் மிஞ்சும். "அதை இல்லை, அந்தப் பக்கம்" என்ற சொற்களால் பயனில்லை என்று சீக்கிரமே தெரிந்துகொள்வார்கள். "இரண்டாம் போல்ட், இடப்புறம், அரைச் சுற்று" என்று பேசத் தொடங்கும் பிள்ளைகள் நான்கையும் கழற்றிவிடுகிறார்கள். அப்பாவோடு மோட்டார் சைக்கிள் பழுது பார்த்துப் பழகிய பிள்ளைகள் இதில் முன்னால் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண்ணில் அவர்கள் பின்தங்கியிருப்பதும் உண்டு.

இந்தப் பழக்கம் உயிரைக் காப்பாற்றியும் இருக்கிறது. 2013 ஜூலை 16 அன்று இத்தாலிய வீரர் லூக்கா பர்மிட்டானோ விண்நடையில் இருந்தபோது, உடையின் குளிரூட்டும் அமைப்பிலிருந்து தலைக்கவசத்துக்குள் தண்ணீர் கசிந்தது. எடையின்மையில் தண்ணீர் வடியாது. முகத்தில் ஒட்டிப் பரவும். கண், காது, மூக்கு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வந்தது. பார்வை மங்க, குரல்கள் தெளிவாகக் கேட்காத நிலையில், தன்னை நிலையத்தோடு இணைத்திருந்த கயிற்றின் இழுப்பை வழிகாட்டியாக வைத்து, நிலையத்துக்குள் நுழையும் காற்றறைக்குத் திரும்பினார். வெளியே எடுத்தபோது ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருந்தது. அவர் பதறியிருந்தால் மூச்சு அதிகமாகியிருக்கும், வழி தவறியிருக்கும்.

ஆறாம் படி: கூடி இருத்தல்

ரஷ்யப் பனிக்காட்டில் கலத்தின் உடைமைகளை மட்டும் வைத்துக்கொண்டு தங்குவது, ஐரோப்பிய முகமை நடத்தும் குகைப் பயிற்சி, ஃபுளோரிடா கடலடியில் அக்குவாரியஸ் என்ற ஆய்வுக்கூடத்தில் வாழ்வது என்று பல வகையாக வீரர்களைச் சேர்த்து வைத்துப் பழக்கியிருக்கிறார்கள். யார் பசியில் எரிந்து விழுகிறார், யார் களைப்பை மறைக்கிறார், யார் சமைத்த பாத்திரத்தைக் கழுவாமல் போகிறார் என்பதெல்லாம் அங்கே வெளிப்பட்டுவிடும். நிலையத்தில் தீ, காற்றுக் கசிவு, நச்சுக் காற்று என்று மூன்று பெரிய ஆபத்துகள். ஒவ்வொன்றுக்கும் யார் எங்கே போக வேண்டும், எந்தக் கதவை மூட வேண்டும் என்பதை யோசிக்காமல் செய்யும் வரை ஒத்திகை பார்க்கிறார்கள். ரஷ்ய மொழியும் கற்க வேண்டும். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் என்று மூன்று மொழியில் வளரும் நம் பிள்ளைகளுக்கு நான்காவது மொழி மலைப்பாக இருக்காது. சாரணர் முகாம், பள்ளிப் புறப்பாட முகாம் எது வந்தாலும் பிள்ளையை அனுப்புங்கள்.

மேலே ஒரு நாள்

நிலையத்தில் உலகப் பொது நேரம். அங்கே காலை 6 மணிக்கு எழும்போது நமக்குப் பிற்பகல் 2 மணி. 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவதால் நாளொன்றுக்குச் சுமார் 16 சூரிய உதயம். சன்னலைப் பார்த்து நேரம் சொல்ல முடியாது. காலையில் தரைக் கட்டுப்பாட்டு மையங்களோடு ஒரு கூட்டம். தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டு போலத்தான்: இன்று யாருக்கு எந்த வேலை, எது முடியவில்லை என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்துவிட்டுக் கலைவார்கள்.

ஆய்வும் பராமரிப்பும் போக, நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி கட்டாயம். எடை தாங்கும் வேலை இல்லாததால், பயிற்சி செய்யாவிட்டால் இடுப்பு, தொடை எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை குறையும். ஓடும் எந்திரத்தில் மிதந்து போகாதபடி வார்களால் உடலை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

சாப்பாட்டில் முதல் விதி, துகள் உதிரக்கூடாது. துகள் மிதந்து கண்ணிலும் காற்று வடிகட்டியிலும் போய் உட்காரும். அதனால் ரொட்டிக்குப் பதில் டோர்ட்டியா என்ற மெக்சிகோத் தட்டை ரொட்டி. 1985இல் முதல் மெக்சிகோ வீரர் ரொடோல்ஃபோ நேரி வேலா தன் ஊர்ச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டு எடுத்துப்போனது, பிறகு எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது. நம் வீட்டு முறுக்குக்கு அங்கே இடமில்லை. ரொட்டி சானாய் தேறும் என்பது என் வகுப்பின் ஒருமித்த தீர்ப்பு. உப்பும் மிளகும் திரவமாக இருக்கும். உடலின் நீர் தலைப்பக்கம் ஏறுவதால் முகம் உப்பி மூக்கடைக்கிறது, நாக்குக்கு ருசி மங்குகிறது; காரமான சாஸுக்கு எப்போதும் கிராக்கி.

கழிவறையில் தண்ணீருக்குப் பதில் காற்று. உறிஞ்சும் காற்றோட்டம் கழிவை இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஷட்டில் விண்கலங்கள் பறந்த காலத்தில் சரியாக உட்காரப் பழக, பயிற்சிக் கழிவறையின் உள்ளே ஒரு கேமராவே வைத்திருந்தார்கள். சிறுநீர், வியர்வை, மூச்சு ஈரம் எல்லாம் சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராகிறது. 2023இல் இந்த மீட்பு 98 விழுக்காட்டை எட்டியது. தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் எடுக்கிறார்கள். குளியல் இல்லை, ஈரத் துணியும் அலசத் தேவையில்லாத ஷாம்புவும்தான். துணி துவைப்பதும் இல்லை. அழுக்குத் துணி குப்பையோடு சரக்குக் கலத்தில் ஏறி, காற்று மண்டலத்தில் எரிந்துபோகும்.

இரவு ஒன்பதரை வாக்கில், அதாவது தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் எழுந்துவிட்ட அதிகாலை ஐந்தரைக்கு, அவர்கள் தூங்கும் பைக்குள் புகுந்து சுவரோடு கட்டிக்கொள்கிறார்கள். தூங்கும் இடத்தில் காற்றாடி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விட்ட மூச்சு விலகிப் போகாமல் முகத்தைச் சுற்றியே தங்கிவிடும்.

வழிபாடு பற்றியும் கேட்கிறார்கள். ஷேக் முஸாபர் போனது ரமலான் மாதத்தில். அதற்கென்றே மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் விண்வெளியில் தொழுவதற்கான வழிகாட்டியை வெளியிட்டது. நம் பிள்ளை போனால் விபூதிப் பொடி பறந்து கண்ணில் விழும், கற்பூரம் ஏற்ற முடியாது. கைகூப்பத் தடையில்லை.

திரும்பிய பிறகு

பயணம் குறித்த நாளில் முடியும் என்று நம்பக்கூடாது. சுனிதா வில்லியம்ஸ் 2024 ஜூனில் 8 நாள் போலத் திட்டமிட்டுப் போய், 286 நாள் கழித்து 2025 மார்ச்சில் திரும்பினார். இறங்கியதும் தலை சுற்றும், நடை தள்ளாடும். தூக்கி உட்கார வைக்கிறார்கள். நீண்ட காலம் இருந்தவர்களுக்கு நாசா 45 நாள் மறுவாழ்வுப் பயிற்சி கொடுக்கிறது. சமநிலை சீக்கிரம் திரும்பிவிடும். எலும்பு மட்டும் மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டைத் தாண்டியும் காத்திருக்க வைக்கும்.

நிலையத்தைத் திடலிலிருந்து பார்க்க

தொலைநோக்கி வேண்டாம். நிலையத்தின் பாதை நில நடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்ந்திருப்பதால் நம் தலைக்கு மேலும் கடக்கிறது. நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' சேவையில் ஊரைக் குறித்தால் நாளும் நேரமும் திசையும் வரும். சூரியன் மறைந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள், அல்லது விடியலுக்கு முன்னால் மட்டுமே தெரியும். நமக்கு இருட்டிவிட்டாலும் அந்த உயரத்தில் வெயில் விழுந்துகொண்டிருக்க வேண்டும்.

செம்பனை வரிசைக்கு நடுவில் நிற்காதீர்கள், வானத்தின் பாதியை மட்டை மறைத்துவிடும். பள்ளித் திடலோ கோயில் திடலோ நல்லது. உயரம் 40 பாகைக்கு மேல் என்று காட்டும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடம் முன்னதாகவே போய்க் கைப்பேசி வெளிச்சத்தை அணைத்துக் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். புல்லில் பாம்பு இருக்கும், மூடிய காலணி அணியுங்கள். மின்னாமல் சிமிட்டாமல் ஒரே சீராக நகரும் பெரிய வெளிச்சம்தான் நிலையம். சிவப்பும் பச்சையும் சிமிட்டினால் அது விமானம். நான்கைந்து நிமிடத்தில் கடந்துவிடும். நடு வானத்தில் திடீரென்று மறைந்தால் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். மறைந்த நேரத்தைப் பிள்ளைகள் நோட்டில் குறிக்கட்டும், முன்னறிவிப்போடு ஒப்பிடலாம்.

இந்த நிலையத்தை 2030 வாக்கில் கைவிட்டு இறக்கிவிடத் திட்டமிருக்கிறது. சீனாவின் தியாங்கோங் நிலையம் இப்போதே மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது, இந்தியா 2035இல் தன் நிலையத்தை அமைக்கப் போவதாகச் சொல்கிறது. இன்று ஆறாம் ஆண்டில் இருக்கும் பிள்ளை பட்டம் முடித்து வேலைக்குப் போகும் காலமும் அதுதான். மேகம் மூடிவிட்டால் மனம் தளராமல் அடுத்த சில நாட்களின் பட்டியலைப் பாருங்கள். தெரியும் கடப்புகள் பெரும்பாலும் அடுத்தடுத்த நாட்களில் கூட்டமாக வரும்.